மூன்று மணி நேரத்தில் கொழும்பு

எனக்கு இப்போது எழுபத்திரண்டு நடக்கிறது. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. கணக்கு உதைக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். என் தங்கை போய்ச் சேர்ந்தபோது அவள் பிள்ளைகள் இரண்டும் என் அடுப்படிக்கு வந்துவிட்டன. ஒன்பதும் நின்றன. இண்டூரில் இப்படிச் சொல்லிக்கொள்ள இன்னொருத்திக்கு வாய் கிடையாது.

ஆகாய விமானத்தில் பறந்தவளும் இண்டூரில் நான் ஒருத்திதான். ஆண்பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன். பட்டாளத்துக்குப் போய் வந்த மூன்று பேர் விமானத்தைப் பார்த்திருக்கிறார்கள். கீழே நின்றுகொண்டு, அண்ணாந்து.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. என் அண்ணன் மணலில் எழுதியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பிடித்த எழுத்து இது. ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகும். ஒற்றுக்குப் புள்ளி எங்கே வைப்பது என்பது இன்னும் பிடிபடவில்லை. அதை என் பேத்தி செல்வி வைத்துத் தருவாள். இத்தனை சிரமத்தில் எதற்காக எழுதுகிறேன் என்றால், என் சம்பந்தி, பென்னாகரத்துப் பெருமாள் வாத்தியார், அந்த ஊர்ச் சந்தையில் போகிறவரையும் வருகிறவரையும் நிறுத்தி, கொழும்பு மூன்று மணி நேரம்தான், காபி குடித்து வாய் துடைப்பதற்குள் போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அந்த மூன்று மணி நேரத்தில் அவர் காபி எதையும் குடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்.

என் கடைக்குட்டி ருக்மணி, வாத்தியாரின் மகன் சீனிவாசனுக்கு வாழ்க்கைப்பட்டு கொழும்பில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. அவளுக்கு முதல் பிள்ளை என் வீட்டில் பிறந்தது. மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் என் மடியிலேயே அடங்கிவிட்டது. இரண்டாவது கொழும்பில் பிறந்தது. அதுவும் மூன்றாம் நாள், அதே பொழுது. மூன்றாவதாக அவள் உண்டானபோது எனக்கு ஒரு கடிதம் போட்டாள். நாலே வரி. அம்மா, இந்தத் தடவை நீ வந்து தவிட்டுக்கு வாங்கிக் கொடு, நம் வீட்டுத் தவிடு கொண்டு வா என்று எழுதியிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற காரியம் இது. பிறந்த பிள்ளையைப் பெற்றவளே கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சொந்தபந்தம் இல்லாத ஒருத்தி வந்து எடுத்து, இது யார் பிள்ளை என்று கேட்க வேண்டும். பெற்றவள் எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். பிறகு தாய் வீட்டுத் தவிட்டைக் கொடுத்து அந்தப் பிள்ளையை வாங்க வேண்டும். குப்பையில் கிடந்து தவிட்டுக்கு விலைபோன பிள்ளையை எமன் திரும்பியும் பார்க்க மாட்டான். முந்தின பிள்ளைகள் எந்தப் பொழுதில் போயினவோ அந்தப் பொழுது வருவதற்கு முன்னால் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு செய்து பயனில்லை.

சம்பந்தி இதைக் கேட்டுச் சிரித்தார். அவர் முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளியில் தலைமை வாத்தியாராக இருந்தவர். “புள்ள பொழைக்கிறது ஆஸ்பத்திரியிலங்க சம்பந்தியம்மா. தவுட்டுல என்னா இருக்குது?” என்றார்.

“என் பேரு என்னாங்க சம்பந்தி?”

“குப்பம்மா.”

“எனக்கு என்னா வயசாவுதுங்க?”

அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். என் தாய்க்கு எனக்கு முன்னால் நான்கு போயிருந்தன. நான் குப்பையிலிருந்து எடுத்த பிள்ளை.

கப்பலில் போனால் ரயில், மண்டபத்தில் நோய் பார்த்து நிறுத்தி வைக்கிற முகாம், கப்பல், மறுபடி ரயில் என்று வாரக்கணக்கில் ஆகிவிடும், பிரசவம் முந்தினாலும் முந்தும் என்று டாக்டர் சொல்கிறார் என்று மாப்பிள்ளைதான் விமானத்துக்கு ஏற்பாடு செய்தார். என்னைத் தனியாக அனுப்பக் கூடாது என்று சம்பந்தியும் கிளம்பினார். எனக்குத் துணை என்று ஊரில் சொல்லிக்கொண்டார். விமானம் என்ற பேச்சு வருவதற்கு முன்னால் அவர் எனக்குத் துணையாக தர்மபுரி வரைகூட வந்ததில்லை.

புறப்படும் முன் அம்மை குத்தி, காலரா ஊசி போட்டுச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. ஊசி போட்ட மறுநாள் நான் களை எடுக்கப் போனேன். சம்பந்தி இரண்டு நாள் கம்பளி போர்த்திப் படுத்திருந்தார்.

முதல் நாள். ஏரிக்குக் கீழே எங்கள் வயலில் விளைந்த நெல்லை நானே குத்தி, நானே புடைத்து, ஒரு படி தவிட்டைத் துணிப் பையில் கட்டி எடுத்துக்கொண்டேன். புளிச்சோறு ஒரு தூக்கு. சம்பந்தி ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். அதில் பட்டணத்து மீனம்பாக்கத்திலிருந்து கொழும்பு ரத்மலானைக்கு நானூறு மைல் சொச்சம், பறக்கும் நேரம் மூன்று மணி என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

ரத்மலானையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அது விமானம் இறங்குகிற மைதானம், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்றார். மீனம்பாக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அங்கேயும் மைதானம்தான். யாருமே இல்லாத இடத்திலிருந்து யாருமே இல்லாத இடத்துக்குத்தான் மூன்று மணி நேரம். என் வீட்டிலிருந்து என் மகள் கட்டிலுக்கு எவ்வளவு நேரம் என்பதை நோட்டில் தேடினார். எழுதியிருக்கவில்லை.

இண்டூரிலிருந்து மொரப்பூர் ரயிலடிக்குக் கரி பஸ்ஸில் போனோம். யுத்தத்தில் பெட்ரோல் இல்லாதபோது பின்பக்கம் அடுப்பு கட்டி ஓட்டிய பஸ். யுத்தம் முடிந்து, கொடி மாறி, மறு வருஷமும் வந்துவிட்டது. அந்த அடுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு மேட்டிலும் ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டும். கண்டக்டர் சம்பந்தியையும் இறங்கச் சொன்னான். தான் கொழும்புக்கு விமானத்தில் போகிறவன் என்று இவர் சொல்ல, “அப்ப இன்னும் நல்லாத் தள்ளுங்க சார், பறக்கட்டும்” என்றான் அவன். தர்மபுரியில் அடுப்புக்குக் கரி போட்டு, டீ குடித்து, மொரப்பூர் போய்ச் சேர்ந்தபோது சம்பந்தி கடியாரத்தை எடுத்துப் பார்த்தார். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. மொரப்பூரும் கொழும்பும் ஒரே தூரம் என்று நான் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவர் எழுதவில்லை.

இரண்டாம் நாள் பட்டணம். சைதாப்பேட்டையில் சம்பந்தியின் தம்பி வீட்டில் இறங்கினோம். அந்த வீட்டில் குடிதண்ணீரைவிடக் காபி தாராளமாகக் கிடைத்தது. களி கிண்டத் தெரியுமா என்று அந்த வீட்டு மருமகளைக் கேட்டேன். கேழ்வரகை அவள் கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச மட்டும் வைத்திருந்தாள். பட்டணத்தில் எங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பல் முளைக்காதவர்கள்தான் சாப்பிடுகிறார்கள்.

மத்தியானம் தந்தி வந்தது. ஆண் குழந்தை, காலை ஏழு மணிக்கு, தாயும் சேயும் சுகம். டாக்டர் சொன்ன நாளுக்குப் பத்து நாள் முந்திவிட்டது. சம்பந்தி தம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், யாரோ சர்க்கரை வழங்கினார்கள். நான் சர்க்கரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விரலை மடக்கினேன். இன்றைக்கு ஒன்று. நாளைக்கு இரண்டு. நாளை மறுநாள் மூன்று. விமானமோ நாளைக் காலையிலேயே. மூன்று மணி நேரம். போதும்.

மூன்றாம் நாள். மீனம்பாக்கத்தில் முதலில் எங்கள் பெட்டியை நிறுத்தார்கள். பிறகு என்னைத் தராசின் மேல் ஏறச் சொன்னார்கள். எங்கள் ஊரில் தராசில் ஏறுவது புளியும் வெல்லமும். மனுஷரை நிறுப்பது கோயிலில், வேண்டுதல் இருந்தால், எதிர்த் தட்டில் வாழைத்தார் வைத்து. இங்கே எதிரில் ஒன்றும் இல்லை. ஒரு முள் மட்டும் ஆடியது. கண்ணாடி போட்ட ஒரு பையன் என் எடையை ஊருக்கே கேட்கும்படி இங்கிலீஷில் கூவினான். அடுத்து சம்பந்தி ஏறினார். அவருடையதையும் கூவினான். சம்பந்தியின் முகம் போன போக்கைப் பார்த்து, என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். பிறகு தெரிந்தது, அவர் என்னைவிடப் பதினொரு ராத்தல் குறைச்சல்.

அடுத்து சுங்கத்தார் மேசை. என் துணிப் பையை அவிழ்த்துப் பார்த்த அதிகாரி, தானியம் கொண்டுபோகத் தடை இருக்கிறது என்றார். இது தானியம் இல்லை, தவிடு என்றேன். தவிடு தானியமா இல்லையா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரரைக் கேட்டார். அவர் மாட்டுத் தீவனம் என்றார். அதற்கு வேறு விண்ணப்பத் தாள் இருக்கிறதாம், அது வேறு ஆபீஸில் கிடைக்குமாம். மூன்றாவதாக ஒரு பெரியவரைக் கூப்பிட்டார்கள். அவர் பையில் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்துவிட்டு, இதை எதற்குக் கொண்டுபோகிறாய் என்று என்னைக் கேட்டார்.

“புள்ள வாங்கறதுக்குங்க” என்றேன்.

மூன்று பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். என்ன பிள்ளை, யாருடைய பிள்ளை, எத்தனை வயது, விற்கிறவர் யார் என்று பெரியவர் கேட்க ஆரம்பித்தார். பிறந்து ஒரு நாள்தான் ஆகிறது, விற்கிறவர் யாரென்று அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும் என்று உள்ளதைச் சொன்னேன். சம்பந்தி தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வெளியூரிலிருந்து பிள்ளை வாங்கிவரும் கும்பல் ஒன்று பிடிபட்டுவிட்டது என்ற மாதிரி அந்தப் பெரியவர் எழுந்து நின்றார். பெட்டி தூக்குகிற ஆள் ஒருவர் சுவரோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் வந்து, “எஜமான், என் பேரே தவுடன்தானுங்க. அரூர்ப் பக்கம். எங்காத்தா என்னைய ரெண்டு மொறம் தவுட்டுக்கு வாங்குச்சு” என்றார். ஒரு படி போதுமே, எதற்கு இரண்டு முறம் என்று நான் கேட்டேன். அப்போதே கனமான பிள்ளை என்றார்.

பெரியவர் சிரிக்கவில்லை. ஆனால் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இத்தனையும் முடிந்து உட்கார்ந்தால் மழை. ஐப்பசி மழை. விமானம் எங்கள் கண்ணெதிரே நனைந்துகொண்டு நின்றது. பத்து மணிக்குப் புறப்படும் என்றார்கள், பிறகு பன்னிரண்டு, பிறகு இரண்டு. மூன்று மணிக்கு, இன்றைக்கு இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். நானூறு மைல் தாண்டுகிற யந்திரம் நாலு தூறலுக்கு நிற்கிறது. எங்கள் கரி பஸ்ஸாவது மழையில் ஓடும். உள்ளே இருக்கிறவர்கள்தான் நனைவார்கள். நான் இன்னொரு விரலை மடக்கினேன். சம்பந்தி அதைப் பார்த்தார்.

நான்காம் நாள். பிள்ளைக்கு அது மூன்றாம் நாள். வானம் வெளுத்திருந்தது. மீனம்பாக்கத்தில் மறுபடியும் தராசில் ஏறச் சொன்னார்கள். நேற்று நிறுத்த அதே உடம்புதானே என்று கேட்டதற்கு, அந்தக் கண்ணாடிப் பையன், இடையில் நீங்கள் சாப்பிட்டிருப்பீர்களே என்றான். சம்பந்தி முந்தின நாளே முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. கோட்டு, மேல்துண்டு, நோட்டுப் புத்தகம், கடியாரம், ஒரு சொம்புத் தண்ணீர் எல்லாவற்றோடும் ஏறினார். அப்போதும் என்னை எட்டவில்லை. சுங்க மேசையில் புது அதிகாரி. அவர் பையைத் தொடுவதற்குள் தவுடன் ஓடிவந்து தன் பேரைச் சொன்னார்.

எட்டு மணி விமானம் பதினொரு மணிக்குக் கிளம்பியது. ஆங்கிலோ இந்தியர் என்கிறார்களே, அந்தச் சட்டைக்காரப் பெண் ஒருத்தி காதுக்குப் பஞ்சும் வாய்க்குப் பெப்பர்மிண்டும் கொடுத்தாள். யந்திரம் போட்ட சத்தத்தில் நெல் மில்லுக்குள் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. தரை விட்டுப் போனதை நான் கவனிக்கவில்லை. சன்னல் வழியே பார்த்தபோது பனைமரங்கள் வெங்காயத் தாள் அளவுக்கு நின்றன. ஏரிகள் எல்லாம் நிறைந்திருந்தன. வயலெல்லாம் ஒட்டுப் போட்ட போர்வை. நம் ஊர் எந்தப் பக்கம் என்று சம்பந்தியைக் கேட்டேன். அவர் எத்தனை அடி உயரத்தில் போகிறோம் என்பதைச் சொல்லத் தொடங்கினார்; பாதியில் நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு நடந்ததை, அந்தக் காகிதப் பையை, அவர் மரியாதையை உத்தேசித்து நான் எழுதப் போவதில்லை.

எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர். பையை மடியில் வைத்துக்கொண்டு கஷ்டப்படாமல் கீழே வைக்கச் சொன்னார். கீழே வைக்கிற பொருள் இல்லை என்றேன். சாப்பாடு வந்தது: இரண்டு ரொட்டித் துண்டு, நடுவில் வெள்ளரிக்காய். அன்று காலை சைதாப்பேட்டையில் புதிதாகக் கிளறி நிரப்பிய தூக்கை நான் திறந்தேன். டாக்டர் மூக்கைத் தூக்கினார். “என்ன அம்மா, புளிச்சோறே?” என்று கேட்டு, ரொட்டியை மடித்து வைத்துவிட்டு இரண்டு கைப்பிடி வாங்கிச் சாப்பிட்டார். பிறகுதான் பையைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். டாக்டர் என்பதால் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர், “என்ரை மனுசியின்ரை தாய் ஆக்களும் உப்பிடித்தான்” என்று மட்டும் சொன்னார். மனுசி என்றால் அவர்கள் பேச்சில் மனைவி.

கடல் வந்தது. மரம் இல்லை, கல் இல்லை, பாதை இல்லை. இதில் எப்படி வழி தெரிகிறது என்று கேட்டதற்கு ஓட்டுகிறவரிடம் ஒரு முள் இருக்கிறது என்றார் டாக்டர். இந்த விமானத்தில் எல்லாம் முள்தான்.

மூன்று மணி நேரம் என்று சொன்னார்களே, அது பொய் இல்லை. இரண்டு மணிக்கு ரத்மலானையில் இறங்கிவிட்டோம். சம்பந்தியின் முகத்தில் நிறம் திரும்பிவிட்டது. கடியாரத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார்.

அங்கிருந்து வெளியே வர இரண்டரை மணி நேரம் ஆனது.

முதலில் ஊசிச் சீட்டு. பிறகு கண்ணை இமை பிரித்துப் பார்த்தார்கள். பிறகு பெட்டி. கடைசியில் ஒரு சிங்கள அதிகாரி. நல்ல மரியாதையான மனுஷர், என்னை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பையை அவிழ்த்தார். யாழ்ப்பாணத்து டாக்டர் பக்கத்தில் நின்று அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார். விதை, உமி, தவிடு, மண் ஒன்றும் இந்தத் தீவுக்குள் கொண்டுவரக் கூடாது, பூச்சி வந்துவிடும், இதை எரித்துவிடுவோம் என்கிறார்.

நான் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்போது சம்பந்தி எழுந்தார். தவிட்டில் என்ன இருக்கிறது என்று கேட்ட மனுஷர், அந்தத் தவிட்டுக்காக அந்த அதிகாரியிடம் இங்கிலீஷில் வாதாடினார். முதலில் தலைமை வாத்தியார் மாதிரி பேசினார். பிறகு கை கூப்பினார். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சட்டம். சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். போன பிள்ளைகள் இரண்டையும் என் பேரன்கள் என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன். அவருக்கும் பேரன்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

யுத்த காலத்தில் சர்க்கார் ஆட்கள் வந்து நெல்லை அளந்து எடுத்துப் போனபோது, எங்கள் தெருப் பெண்கள் ஒரு விஷயம் கற்றுக்கொண்டோம். எடுப்பதை எடுத்துக்கொள்; சீட்டைக் கொடுத்துவிட்டு எடு. சீட்டில்லாமல் ஒரு மணி கொடுத்ததில்லை. சீட்டு இருக்கிற வரை நெல் நம்முடையது, சர்க்கார் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

“ரசீது குடுக்கச் சொல்லுங்க சாமி” என்றேன் டாக்டரிடம்.

ஒரு படி தவிட்டுக்கு ரசீதா என்று அதிகாரி ஆச்சரியப்பட்டார். ஆனால் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பதும் சட்டமாம். புத்தகத்தை எடுத்து எழுதினார். மதிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே வந்து பேனாவை நிறுத்தினார். இதன் மதிப்பு என்ன என்று டாக்டர் என்னைக் கேட்டார். ஒன்றுக்கும் பெறாத பொருள் என்று எழுதச் சொன்னேன். எழுதினார். கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரை ஒன்றைக் குத்தி, கிழித்துக் கொடுத்தார். சம்பந்தி வாங்கிப் படித்தார்: தவிடு, ஒரு படி. பெறப்பட்டது. மதிப்பு இல்லை.

“அது போதுங்க சம்பந்தி. வாங்க போலாம்.”

வெளியே மாப்பிள்ளை ஒரு காரோடு நின்றார். பிள்ளை நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். காலையிலிருந்து பால் குடிக்கவில்லை, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். கார் கடலோரமாகப் போனது. எங்கள் ஊரில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். எப்போது இறங்கியது என்று சரியாகச் சொல்ல முடியாது. இங்கே மறைக்க ஒன்றும் இல்லை. தண்ணீருக்கு மேல் இரண்டு முழ உயரத்தில் நிற்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றரை முழம் ஆனபோது கார் டயர் வெடித்தது.

மாப்பிள்ளை சட்டையைக் கழற்றிக்கொண்டு கீழே உட்கார்ந்தார். சம்பந்தி நடுத்தெருவில் நின்று கையை விரித்தார். வந்தது இரண்டு ரிக்‌ஷா, மனுஷர் இழுக்கிற வண்டி. ஒன்றில் நான், ஒன்றில் அவர். நானூறு மைல் ஆகாயத்தில் பறந்தவள் கடைசி ஒரு மைலை ஒரு மனுஷர் ஓடி இழுக்க, உட்கார்ந்து போனேன். சம்பந்தி பின்னாலிருந்து என் வண்டிக்காரரைத் தமிழிலும் இங்கிலீஷிலும் விரட்டிக்கொண்டே வந்தார். அந்த வண்டிக்காரர் திரும்பி, “எடை அப்பிடி, நான் என்ன செய்றது?” என்றார். இந்தப் பயணத்தில் மூன்றாம் முறையாக என்னை எடை போட்டாயிற்று.

ஆஸ்பத்திரியில் ருக்மணி மெலிந்து கிடந்தாள். என்னைப் பார்த்ததும் என் கையைத்தான் பார்த்தாள். பையைக் காணோம். ரசீதை அவள் கையில் வைத்து, நடந்ததை இரண்டு வார்த்தையில் சொன்னேன். அழ ஆரம்பித்தாள். “அழுவறதுக்குப் பொழுதில்ல. எந்திரி. குப்ப எங்க கெடக்குது?” என்றேன்.

அந்த ஆஸ்பத்திரியில் குப்பையே இல்லை. தரை சட்டி மாதிரி கழுவியிருக்கிறது. மூலையில் மூடி போட்ட ஒரு தகர வாளி, அதிலும் பஞ்சு நாலு துணுக்கு. சம்பந்தி எங்கிருந்தோ ஒரு பழைய இங்கிலீஷ் பேப்பரைக் கொண்டுவந்து, வாளிக்குப் பக்கத்தில் தரையில் விரித்தார். யாரும் சொல்லாமல், தானாகவே. ருக்மணி எழுந்து, பிள்ளையைத் துணியோடு தூக்கி, அந்தப் பேப்பர் மேல் வைத்தாள். கட்டிலுக்குத் திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பிள்ளை சத்தம் போடவில்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு அந்த மௌனம் ஆகாது.

எடுப்பதற்கு ஆள் வேண்டும். அடுத்த கட்டிலில் யாரையாவது கேட்கலாம் என்று நான் திரும்புவதற்குள், பெரிய நர்சம்மா வந்துவிட்டாள். வெள்ளைக்காரி மாதிரி இருந்தாள். அந்த ஊர்ச் சட்டைக்காரி. பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது என்று எங்களை விரட்ட வந்தவள், தரையைப் பார்த்தாள். ஓடிவந்து குனிந்து பிள்ளையை வாரி எடுத்து மார்பில் வைத்துக்கொண்டாள்.

“யார் குழந்தை இது? யார் இதைத் தரையில் போட்டது?”

இங்கிலீஷில்தான் கேட்டாள். ஆனாலும் அந்தக் கேள்வியை நான் எழுபது வருஷமாக அறிவேன். ருக்மணி சுவரைப் பார்த்தபடியே, “எனக்குத் தெரியாதுங்க. எம்புள்ள இல்ல” என்றாள். சம்பந்தி அதை மொழிபெயர்த்தார். நர்சம்மாவின் முகம் சிவந்தது. அப்படியானால் இது ஆஸ்பத்திரிக் குழந்தை, நான் கொண்டுபோகிறேன் என்று சொல்லித் திரும்பினாள்.

நான் ருக்மணியை உலுக்கினேன். அவள் இறங்கி, இரண்டு கையாலும் அந்த ரசீதை நீட்டிக்கொண்டு நர்சம்மா முன்னால் நின்றாள். சம்பந்தி பேசினார். வாத்தியார் குரலில் இல்லை. என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டபோது சொன்னார்: அம்மா, இந்தத் தவிட்டை வாங்கிக்கொண்டு குழந்தையை இந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள், எங்களுக்கு முன்னால் இரண்டு போய்விட்டது என்றாராம்.

நர்சம்மா ரசீதைப் படித்தாள். ருக்மணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு என்ன புரிந்தது என்று தெரியாது. ரசீதை நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பிள்ளையை ருக்மணியின் கையில் வைத்தாள்.

சம்பந்தி கடியாரத்தை எடுத்துப் பார்த்தார். நான் மணி கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் வந்தபோது, வராந்தாவிலேயே அழுகை கேட்டது. அடுத்த கட்டில்காரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். சம்பந்தி எனக்கு அவர் கையாலேயே காபி வாங்கிவந்து கொடுத்தார். சர்க்கரை இல்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் இருந்தேன். அந்த ஊரில் எதைச் சமைத்தாலும் தேங்காயில் குளிப்பாட்டிவிடுகிறார்கள். இடியாப்பமும் சம்பலும் எனக்குப் பழகிவிட்டது. களிக்கு அது ஈடில்லை. திரும்பியது கப்பலில், ரயிலில். சம்பந்தி விமானச் செலவு வீண் என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை, அவரும் காகிதப் பையைப் பற்றிப் பேசவில்லை.

பிள்ளைக்கு சம்பந்தி வைத்த பெயர் ரகுநாதன். அது ரிஜிஸ்தரில் இருக்கிறது. ருக்மணி கூப்பிடுவது தவுடு என்று. குப்புற விழுந்து தலையைத் தூக்குகிறான் என்று போன வாரம் எழுதியிருந்தாள்.

ஆகவே, வாத்தியார் சொல்லும் மூன்று மணி நேரத்தை நம்பி யாராவது கொழும்புக்குக் கிளம்புவதாக இருந்தால், நாலு நாள் முந்தியே கிளம்புங்கள். எதை எடுத்தாலும் ரசீது கேளுங்கள்.

செல்வி, புள்ளி எல்லாம் வைத்தாயிற்றா? உட்கார்ந்து ஒரு தரம் எனக்குப் படித்துக் காட்டு, கண்ணு. மைல், எடை, மணி எல்லாம் வேகமாகப் படித்துக்கொண்டு போ. அந்த நர்சம்மா குனிந்து பிள்ளையை எடுக்கிற இடம் வரும், அங்கே மட்டும் மெதுவாகப் படி.